படகுக்குள் வரும் தண்ணீரை யார் இறைப்பது?

கட்டுமரத்தில் தண்ணீர் தேங்காது. மேலே ஏறிய அலை, மரங்களின் இடுக்கு வழியாகவே இறங்கிவிடும். ஆனால் பழவேற்காட்டில் இன்று எங்கு பார்த்தாலும் ஃபைபர் படகுகள். அவற்றுக்கு வயிறு உண்டு. வயிறு இருந்தால் இறைத்துத்தான் ஆக வேண்டும். திறந்த படகு என்பதால் வாயை வெட்டிய பிளாஸ்டிக் கேனே அதற்குப் போதும். தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும்.

மேல்தளம் மூடிய பாய்மரப் படகில் அப்படி இல்லை. தரைப்பலகைக்குக் கீழே, பில்ஜ் எனப்படும் அடிக்குழியில், யாருக்கும் தெரியாமல் தண்ணீர் சேரும். அதை வெளியேற்றத்தான் பில்ஜ் பம்ப். பேட்டரியில் தானாக ஓடுவதை வாங்குவதா, கையால் அடிப்பதை வாங்குவதா என்பது படகு வைத்திருப்பவர்களிடையே தீராத வழக்கு.

தானியங்கி பம்பின் சூட்சுமம் எளிது. தண்ணீர் ஏறினால் மிதவை எழும், சுவிட்ச் விழும், மோட்டார் ஓடும்; வீட்டுச் சம்ப்பில் மிதவை வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கமான ஏற்பாடுதான். சென்னைத் துறைமுகத்தில் கட்டிப் போட்ட படகின் மீது ஐப்பசி மழை இரவு முழுக்கக் கொட்டும்போது, காவலுக்கு ஆள் இல்லாமலே வேலை நடக்கும். ஆனால் அந்த மிதவையை எழவிடாமல் ஒரு துணுக்குக் கயிறு சிக்கினால் போதும், சுவிட்ச் விழாது. உப்பில் ஒயர் முனை பச்சை பூத்தாலும் அதே கதி. எல்லாவற்றையும்விட, தானாக ஓடும் பம்ப் ஒழுகலை மறைத்துவிடும். சிறு கசிவு நாளுக்கு நாள் பெரிதாகும், பம்ப் அமைதியாக இறைத்துக்கொண்டே இருக்கும், ஒருநாள் பேட்டரி தீர்ந்துவிடும். அதனால் பம்ப் ஓடும்போதெல்லாம் ஒலிக்கும் அலாரம் ஒன்றைச் சேர்த்தே மாட்டுவது நல்லது.

கைப் பம்புக்குப் பேட்டரி வேண்டாம், தோள் வேண்டும். நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே 2.5 செ.மீ. அகல ஓட்டை விழுந்தால் நிமிடத்துக்குச் சுமார் 45 லிட்டர், அதாவது மூன்று குடத் தண்ணீர் உள்ளே வரும். நல்ல கைப் பம்ப் அதற்கு ஈடுகொடுக்கும். அடிப்பவர் எத்தனை நிமிடம் ஈடுகொடுப்பார்?

படகில் எத்தனை பேர் என்பதையும் பார்க்க வேண்டும். 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பிய இந்தியக் கடற்படையின் பாய்மரப் படகு ‘தாரிணி’, 2025 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பியது. படகில் இருந்தவர்கள் இருவரே: லெப்டினன்ட் கமாண்டர்கள் கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும். இரண்டே பேர் இருக்கும் படகில் ஒருவர் பம்ப் அடிக்க உட்கார்ந்தால் சுக்கான், பாய், வானொலி எல்லாம் மற்றவர் தலையில் விழும். ஆள் குறையக் குறையத் தானியங்கியின் மதிப்பு கூடுகிறது.

அதற்கும் எல்லை உண்டு. இந்திய மாலுமி அபிலாஷ் டோமி இரண்டாவதாக வந்த, தனி ஆளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில், 2022 நவம்பரில் பின்லாந்தின் டாப்பியோ லெஹ்டினனின் படகு தென்னாப்பிரிக்காவுக்கு அப்பால் சில நிமிடங்களில் பின்பக்கமாக மூழ்கியது. அவரைக் காப்பாற்றியது உயிர்காப்புத் தெப்பமும், வழியை மாற்றி வந்து தூக்கிய சக போட்டியாளர் கிர்ஸ்டன் நாய்ஷேஃபரும்தான். அந்த வேகத்தில் எந்தப் பம்பும் உதவாது.

வாங்குகிறவர்கள் ஏமாறுகிற இடம், பெட்டியின் மேல் அச்சடித்த எண். தண்ணீரை மேலே ஏற்றாமல் அளந்த கணக்கு அது. ஒரு மீட்டர் உயரம் ஏற்றி, வளைந்த குழாய் வழியே வெளியே தள்ளும்போது அது நன்றாகவே குறையும். பாய்மரப் படகு காற்றில் சாய்ந்து ஓடும் என்பதால் இன்னொரு வம்பும் உண்டு: வெளியேற்றும் துளை கடலுக்குள் அமிழ்ந்தால் அதே குழாய் வழியே கடல் உள்ளே வரும். குழாயை மேலே ஏற்றி வளைத்து, வளைவின் உச்சியில் காற்று வால்வு வைத்தால் இது நிற்கும்.

ஆழ்கடல் பந்தயங்களுக்கான உலகப் பாய்மரச் சம்மேளன விதிகள், பம்ப் விஷயத்தில் நிறையப் பட்டுத் தெளிந்தவை. கைப் பம்ப் கட்டாயம். எல்லா மூடிகளையும் அடைத்த பிறகும் வெளியே உட்கார்ந்து அடிக்கும்படி ஒன்று வேண்டும். கைப்பிடி கடலில் விழாமல் கயிற்றில் கட்டியிருக்க வேண்டும். கூடவே 9 லிட்டர் கொள்ளும் உறுதியான வாளிகள் இரண்டு.

இரண்டு பம்பும் இருப்பதே சரி. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், ஆள் இருந்து ஓட்டும் படகுக்குக் கைப் பம்ப். கட்டிப் போட்டுவிட்டு ஊருக்குப் போகிறவருக்குத் தானியங்கி. எதை வாங்கினாலும் கிளம்பும் முன் அடிக்குழியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது வெளியே போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.