வெட்சூட்டா, டிரைசூட்டா? ஜில் தண்ணீரில் குதிக்கும் முன் இதைப் படிங்க!

ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவை ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. இரண்டு பக்கமும் பாறைச்சுவர், நடுவே கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீர். வட அமெரிக்க, யூரேசிய நிலத்தட்டுகள் விலகுவதால் உருவான பிளவு அது. பார்க்க சொர்க்கம்தான். ஆனால், தண்ணீரின் வெப்பநிலை வருடம் முழுக்க 2 முதல் 4 டிகிரி செல்சியஸ். கிட்டத்தட்ட நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ் தண்ணீர்!

அங்கே ஸ்கூபா டைவிங் செய்ய டிரைசூட் கட்டாயம். அதோடு, டிரைசூட் பயிற்சிச் சான்றிதழோ, அதில் டைவ் செய்த அனுபவமோ இருக்கணும். ஒரு டிரெஸ் போட எதுக்குங்க சர்டிஃபிகேட்? காரணம் இருக்கு.

நனைந்தாலும் சூடு

தண்ணீர், காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். வெட்சூட் என்பது நியோப்ரீன் என்ற ரப்பரால் ஆனது. அதற்குள் குட்டிக் குட்டி வாயுக் குமிழ்கள் அடைந்திருக்கும். அவைதான் சூட்டை வெளியே விடாமல் தடுக்கின்றன. உள்ளே கொஞ்சம் தண்ணீர் புகும். உடம்பு அதைச் சூடாக்கிக்கொள்ளும். சூட் லூஸாக இருந்தால் அந்தத் தண்ணீர் வெளியேறி, புதுசாக ஜில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். அதனால் ஃபிட்டிங் ரொம்ப முக்கியம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகும். குமிழ்கள் நசுங்கும், சூட் மெலிந்துபோகும். ஆழம் போகப் போகக் குளிர் கூடும்.

நனையவே நனையாது

டிரைசூட்டில் கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீர் புகாத சீல் இருக்கும். உள்ளே கதகதப்பான உடை போட்டுக்கொள்ளலாம். வெட்சூட்டில் சிலர் 'அவசரத்துக்கு' உள்ளேயே சிறுநீர் கழிப்பது டைவர்கள் மத்தியில் பழைய ஜோக். இதில் அது நடக்காது. முன்னாடியே பாத்ரூம் போயிடுங்க!

விஷயம் சீரியஸாவது இங்கேதான். இறங்கும்போது அழுத்தத்தில் சூட் உடம்பைப் பிடித்து இறுக்கும். அதைத் தவிர்க்க, மார்பில் உள்ள பட்டனை அழுத்திக் காற்றை நிரப்பணும். ஏறும்போது அதே காற்று விரியும். பெரும்பாலும் இடது கையின் மேல்பகுதியில் இருக்கும் வால்வு வழியாக அதை வெளியேற்றணும். மறந்தால், பலூன் மாதிரி உங்களை மேலே இழுத்துக்கொண்டு போகும். தலைகீழானால் காற்று காலுக்குப் போய்விடும், நிமிர்வதே கஷ்டம். கட்டுப்பாடில்லாமல் வேகமாக மேலே வந்தால் நுரையீரல் பாதிக்கப்படலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்போ வெட்சூட் சேஃபா? கடும் குளிரில் அதுவும் இல்லை. விரல்கள் மரத்துப்போனால் வால்வை இயக்குவதும், பக்கத்தில் இருப்பவருக்குச் சைகை காட்டுவதும் சிரமம். நடுங்கும்போது சிலிண்டர் காற்றும் சீக்கிரம் தீரும்.

எதை எடுக்கலாம்?

பொதுவான கணக்கு இதுதான். 15 டிகிரிக்கு மேல் என்றால், 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் பலருக்குப் போதும். 10 முதல் 15 டிகிரி என்றால், அதோடு தலையை மூடும் ஹுட், கிளவுஸ், பூட்ஸ் போட்டுக் குறுகிய நேர டைவ் செய்யலாம். 10 டிகிரிக்குக் கீழே டிரைசூட்தான். குளிர் தாங்கும் சக்தி ஆளுக்கு ஆள் மாறும். சீக்கிரம் குளிர் எடுக்கிற உடம்பு என்றால், ஒரு படி மேலேயே தேர்ந்தெடுங்க.

விலையில் டிரைசூட் பல மடங்கு அதிகம். அதனால் எடுத்ததும் வாங்காதீங்க, வாடகைக்குக் கிடைக்கும். முதலில் நீச்சல் குளத்தில் பயிற்சியாளரோடு போட்டுப் பழகுங்க. காற்றை நிரப்புவதும் விடுவதும், தலைகீழானால் நிமிர்வதும் பதற்றமில்லாமல் கைவரட்டும். இது எதுக்கும் நேரமில்லை என்றால், இந்த ட்ரிப்பில் வெதுவெதுப்பான கடலில் டைவ் பண்ணுங்க. சில்ஃப்ரா எங்கேயும் போயிடாது!