எல்லைக்கு இருபுறமும் முதுமை

1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்த திருத்தணி, இன்று மூப்படைந்துவரும் இரு மாநிலங்களுக்கு நடுவே நிற்கிறது. மக்கள்தொகை மூப்பு என்பது, பிறப்பு குறைந்து ஆயுள் நீள்வதால், மொத்த மக்களில் 60 வயதைக் கடந்தோரின் பங்கு பெருகுவதைக் குறிக்கும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 10.4 விழுக்காடாக இருந்த அப்பங்கு, 2031-இல் 18 விழுக்காட்டைத் தாண்டும் என்று மத்திய அரசின் வல்லுநர் குழு கணித்துள்ளது. மக்கள்தொகை நீண்டகாலத்தில் குறையாமலிருக்கப் பெண் ஒருவருக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வோ தமிழகத்தில் 1.8, ஆந்திரத்தில் 1.7 என்றே காட்டுகிறது.

இதைக் கண்டே ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு கூடுதலாகக் குழந்தை பெறுமாறு 2024 அக்டோபரில் வலியுறுத்தினார். இரண்டு குழந்தைகளுக்கு மேல் பெற்றோர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்பதற்கு இருந்த தடையை அடுத்த மாதமே அம்மாநிலச் சட்டமன்றம் நீக்கியது. ஆனால் இன்று பிறக்கும் குழந்தை சம்பாதிக்க இருபது ஆண்டுகளேனும் ஆகும் என்பதால், இப்போது எழுபதைத் தொட்டவருக்கு அதனால் பயனில்லை. அதுவரை முதியோரையும் குழந்தைகளையும் ஒருங்கே தாங்க வேண்டியவர்கள் நடுவயதினரே.

உடனடியாகக் கைகொடுப்பது உதவித்தொகைதான். ஓ.ஏ.பி. என்று ஊரார் சொல்லும் முதியோர் ஓய்வூதியம் தமிழகத்தில் 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஆந்திரத்திலோ 2024 ஜூலை முதல் 4,000 ரூபாய் வழங்கப்பட்டது. அதாவது திருத்தணியில் ஒரு முதியவர் 1,200 ரூபாய் பெற்ற அதே மாதத்தில், அருகிலுள்ள ஆந்திர ஊரான நகரியில் அவரைப் போன்றே வறுமையில் வாடும் இன்னொருவர் அதைப்போல் மும்மடங்குக்கும் மேல் பெற்றார். 1962-இலேயே மாதம் 20 ரூபாயுடன் இத்திட்டத்தைத் தொடங்கிய தமிழகத்துக்கு இந்த ஒப்பீடு பெருமை சேர்ப்பதன்று. (80 வயதுக்குக் குறைந்தோருக்கு மத்திய அரசு தரும் பங்கு வெறும் 200 ரூபாய் என்பதையும் மறப்பதற்கில்லை.)

எனினும் தலைமுறைகளுக்கிடையே உறவு கசப்பது பெரும்பாலும் வீட்டுப் பத்திரத்தில்தான். மகன் பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்துவிட்டு, பின் அதே வீட்டில் சோற்றுக்குக் கையேந்தும் நிலைக்கு ஆளாவோருக்காகவே 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு வைக்கப்பட்டது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பெற்றவர் அக்கடமையைத் தவறினால், அந்தப் பத்திரம் செல்லாது என்று வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அறிவிக்கலாம். மாதந்தோறும் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வழங்கவும் அது ஆணையிடலாம். திருத்தணி ஒரு வருவாய்க் கோட்டத்தின் தலைமையிடம் என்பதால், இவ்வூர்ப் பெற்றோர் மனுவோடு வெளியூர் அலைய வேண்டியதில்லை.

சிக்கல் அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது. அது இருந்ததாக நிறுவப்படாவிட்டால் 23-ஆம் பிரிவு பொருந்தாது என 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவரின் வழக்கில், சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறி, அதே நீதிமன்றம் சொத்தைத் தாயிடம் திரும்ப ஒப்படைக்கச் செய்தது. அவ்வழக்கிலும், தாயை இறுதிவரை காப்பதாக மகன் எழுதிக்கொடுத்ததாகக் கூறப்பட்ட உறுதிப் பத்திரமே தாய்க்குத் துணைநின்றது. ஆகவே பிள்ளைகளிடம் எத்தனை பாசம் இருந்தாலும், சொத்தை எழுதிவைக்கும் பெற்றோர், உணவும் மருத்துவமும் உறைவிடமும் தரவேண்டும் என்ற வரியைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லி, அதைப் படிக்கக் கேட்ட பிறகே கையெழுத்திட வேண்டும்.