கியூபா நெருக்கடியும் வகுப்பறைப் பயிற்சியும்

வரலாற்று நெருக்கடி ஒன்றை மாணவர் தாமே நடித்துப் பயிலும் முறைக்கு 1962 அக்டோபரில் எழுந்த கியூபா ஏவுகணை நெருக்கடி மிகவும் ஏற்றதாகும். மாணவர் வாஷிங்டன், மாஸ்கோ, ஹவானா என மூன்று குழுக்களாகப் பிரிவர். அந்தந்த நாளில் அந்தந்த அரசு அறிந்திருந்தவை மட்டுமே அக்குழுவுக்குத் தரப்படும். முடிவை அறிந்தவராக எவரும் பேசலாகாது.

இதனால் விளையும் பயன் யாது? எதிரியின் இடத்தில் அமர்பவர், அவ்வெதிரியின் அச்சத்தையும் நியாயத்தையும் தம் வாயாலேயே எடுத்துரைக்க வேண்டியவராகிறார். அக்டோபர் 26 அன்று குருஷேவ் எழுதிய கடிதம், கியூபாவைத் தாக்குவதில்லை என்னும் உறுதியைக் கேட்டது. மறுநாட் கடிதமோ, துருக்கியிலிருந்த அமெரிக்க ஏவுகணைகளையும் அகற்றக் கோரியது. அதே நாளில் அமெரிக்க உளவு விமானம் ஒன்று கியூபாவில் சுட்டு வீழ்த்தப்பட்டது. பதிலடி கொடுப்பதா, பொறுப்பதா? கென்னடி பொறுத்தார். முதற்கடிதத்துக்கு வெளிப்படையாக இணங்கினார். துருக்கி குறித்து இரகசியமாக வாக்களித்தார். 28ஆம் நாள் குருஷேவ் ஏவுகணைகளை மீட்டுக்கொள்ள இசைந்தார்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அவ்வுடன்பாட்டில் காஸ்ட்ரோவை எவரும் கலந்தாலோசிக்கவில்லை. ஹவானா குழுவில் அமர்ந்த மாணவர், இறுதியில் ஆசிரியர் இதனை விளக்குகையில், அதன் கசப்பை உணர்வர். சமாதானம் பேசுவோர் யாரை வாசலுக்கு வெளியே நிறுத்தினர் என்று கேட்கப் பழகுதல், சபைகளிற் பிணக்குத் தீர்க்கச் செல்லும் நமக்கும் இன்றியமையாததாகும்.