ஸ்லாட்டில் பொருந்தினால் போதுமா?

"ரேம் போடுறதெல்லாம் ஒரு வேலையா? ஸ்லாட்ல வச்சு அழுத்தினா 'டக்'னு சத்தம் வரும், அவ்வளவுதான்" என்று போன வருஷம் வரை சொல்லித் திரிந்தவன்தான் நானும். அந்த எண்ணம் எப்படிப் போனது என்பதையும், அதில் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அம்மா சீட்டு எடுத்து ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார். 2011-ல் வெளிவந்த எச்61 வகை மதர்போர்டு. இரண்டு ரேம் ஸ்லாட். ஒன்றில் மட்டும் 4 ஜிபி. பிராஜெக்ட்டுக்காக ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்தால் மவுஸ்கூட நகராது. பழைய சாமான் கடை ஒன்றில் 8 ஜிபி டிடிஆர்3 ரேம் 700 ரூபாய்க்குக் கிடைத்தது. வாங்கி வந்து மாட்டினேன். 'டக்' சத்தமும் வந்தது. பவர் கொடுத்தால் மானிட்டர் கறுப்பு! உள்ளிருந்து நீளமாக பீப்... பீப்...

"என்னடா இப்படிக் கத்துது? கெட்டுப் போச்சா?" என்றார் அம்மா. எனக்குப் பதில் வரவில்லை. சீட்டுப் பணமே இன்னும் கட்டி முடியவில்லை.

அப்பா எட்டிப் பார்த்தார். "தறி நின்னா எல்லாத்தையும் அவுத்துப் போடக் கூடாதுடா. ஒண்ணொண்ணா பாரு" என்றார். கம்ப்யூட்டரைத் தொட்டறியாத அவர் சொன்னதுதான் சரியான முறை.

பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

1. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்துங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் போக, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு ரேமைத் தொடுங்கள்.

2. ஒரே ஒரு ரேமை மட்டும் போட்டு, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் சோதியுங்கள். பிறகு அடுத்த ரேம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான்.

3. தங்க நிறக் காலை அழி ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூள் இல்லாமல் துடையுங்கள். ஸ்லாட் தூசியைப் பிரஷ்ஷால் எடுங்கள். பாதிப் பழுது இதிலேயே தீர்ந்துவிடும்.

4. அப்படியும் வராவிட்டால், மதர்போர்டு கையேட்டைப் பார்த்து சிமாஸ் அமைப்பை அழித்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

என் பழைய ரேம் இரண்டு ஸ்லாட்டிலும் ஓடியது. புதியது இரண்டிலும் ஓடவில்லை. அப்படியானால் மதர்போர்டு நன்றாக இருக்கிறது! எனக்குப் பாதி உயிர் வந்தது.

லேபிளில் ஒளிந்திருந்த ஓர் எழுத்து

மறுநாள் அந்த ரேமை லேப் சாரிடம் காட்டினேன். பார்த்தவுடனே சிரித்தார். "இது கெட்டுப்போன ரேம் இல்லப்பா, சர்வர் ரேம்!" லேபிளில் 'பிசி3-10600ஆர்' என்று இருந்தது. கடைசியில் உள்ள 'ஆர்' என்றால் ரெஜிஸ்டர்டு. சாதாரண டெஸ்க்டாப் ரேமுக்கு அந்த இடத்தில் 'யு' இருக்கும். சர்வர் ரேமில் பிழை திருத்தக் கூடுதல் சிப்களும், நடுவில் ரெஜிஸ்டர் சிப்பும் உண்டு. சாதாரண ரேமில் 8 சிப் இருக்கும் பக்கத்தில் இதில் 9 இருக்கும். டிடிஆர்3-ல் இரண்டு வகைக்கும் 240 பின்கள்தான், வெட்டும் ஒரே இடத்தில்தான். அதனால் ஸ்லாட்டில் அழகாக உட்காரும். என் போர்டில் ஓடவே ஓடாது.

அதே லேபிளில் இன்னும் என்ன பார்க்க வேண்டும்?

தலைமுறை: டெஸ்க்டாப்புக்கு டிடிஆர்3 2007-லும், டிடிஆர்4 2014-லும், டிடிஆர்5 2021-லும் வந்தன. மூன்றுக்கும் வெட்டு வெவ்வேறு இடத்தில். மின்னழுத்தமும் வேறு: 1.5, 1.2, 1.1 வோல்ட். நுழையாவிட்டால் அழுத்தாதீர்கள், உடைந்துவிடும்.

வேகம்: 10600 என்பது விநாடிக்கு இத்தனை மெகாபைட் என்ற கணக்கு. 1333-ஐ 8 பைட்டால் பெருக்கினால் ஏறத்தாழ இதுதான் வரும். 1333-ம் 1600-ம் சேர்ந்தால் பொதுவாக இரண்டும் 1333-ல் ஓடும். வேகம் குறையும், அவ்வளவுதான், கெடாது.

கொள்ளளவு: போர்டு எவ்வளவு தாங்கும் என்று கையேட்டில் பாருங்கள். எச்61-க்கு மொத்தம் 16 ஜிபிதான். 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் 4 ஜிபியே முழுதாகப் பயன்படாது.

கம்ப்யூட்டர் ஆன் ஆகி, நடுவில் தானாக ரீஸ்டார்ட் ஆனால் மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேம்களைத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

கடைக்காரர் முதலில் "வித்தது வித்ததுதான்" என்றார். அந்த எழுத்தைக் காட்டி விளக்கியதும், "இது எனக்கே தெரியாது தம்பி" என்று 4 ஜிபி, 'யு' எழுத்துப் போட்ட ரேமாக மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டினேன். சின்னதாக ஒரே ஒரு பீப்.

"மறுபடியும் கத்துதேடா!" என்று அம்மா ஓடி வந்தார்.

"இல்லம்மா. நல்லாயிருக்கேன்னு சொல்லுது" என்றேன். திரையில் 8 ஜிபி தெரிந்தது.

ஆகவே நண்பர்களே, கடையில் காசைக் கொடுக்கும் முன் லேபிளின் கடைசி எழுத்து வரை படியுங்கள்!