மரியோவுக்கு எத்தனை கிகாஹேர்ட்ஸ்?

இன்றைய தெல்தெனிய நகரும் நின்டென்டோவின் முதல் கேசட் பெட்டியும் ஒரே காலத்தவை. 1983 ஜூலையில் ‘ஃபெமிலி கம்பியூட்டர்’ ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது, மகாவலிக்குக் குறுக்கே விக்டோரியா அணை எழும்பிக்கொண்டிருந்தது. 1985 ஏப்ரலில் அணை திறந்துவைக்கப்பட்டது. தும்பறைப் பள்ளத்தாக்கிலிருந்த பழைய ஊர் நீருக்கடியில் போனது. மேட்டுநிலத்தில் புதிய தெல்தெனிய அமைந்தது.

அந்தப் புதிய ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தொண்ணூறுகளில் கிடைத்தது அசல் ஜப்பானியப் பெட்டி அல்ல, அதன் சிப்புகளைப் பார்த்துச் செய்த மலிவான நகல்கள். ‘டிவி கேம்’ என்றால் வீட்டில் எல்லோருக்கும் புரியும். கேசட்டின் வாயை ஊதிச் செருகி, டிவியில் சனலைத் தேடிப் பிடித்தால் மரியோ ஓடத் தொடங்குவார். பின்னர் சிடியோடு பிளேஸ்டேஷன் வந்தது, டிவிடியோடு பிளேஸ்டேஷன் 2 வந்தது. அன்றைய பிள்ளைகள் இன்று சம்பாதிக்கிறார்கள். கேசட்டின் செப்புப் பற்கள் கறுத்துவிட்டன, சிடிகளில் கீறல் விழுந்துவிட்டது. பழைய விளையாட்டுகளை மீண்டும் ஆட நினைப்பவர்கள் நாடுவது எமுலேட்டரை. ஒரு கணினியைப் பழைய விளையாட்டுப் பெட்டி போலவே நடந்துகொள்ள வைக்கும் மென்பொருள் அது.

இளமைக்கால ஏக்கம் மட்டுமே இதற்குக் காரணமல்ல. அமெரிக்காவில் இயங்கும் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இப்போது விற்பனையிலேயே இல்லை என்பது அதன் முடிவு. அவற்றைத் திரும்பவும் திரையில் பார்க்க எமுலேட்டர் பெரும் துணை. அதை ஓட்டும் கணினியைச் சொந்தக் கையால் பொருத்துவது, பழைய மின்னணுப் பொறியியலைத் தொட்டுப் பார்க்கும் ஒரு நல்ல பாடமும்கூட.

திகன, குண்டசாலை வழியாகக் கண்டிக்குப் போய்ப் பாகம் பார்த்தாலும், கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா வரை போனாலும், ‘கேமிங் கணினி’ என்றதும் பேச்சு நேரே கிராபிக்ஸ் கார்டில்தான் போய் நிற்கும். இந்த ஆண்டு வெளியாகும் விளையாட்டுகளுக்கு அது சரி. பழைய விளையாட்டுகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இங்கே பணம் போக வேண்டியது புரொசசருக்கு. அதிலும் எத்தனை கோர் என்பதைவிட, ஒவ்வொரு கோரும் தனித்து எவ்வளவு வேகம் என்பதே முக்கியம். ஏன் என்பதற்கு ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ திரையின் மேல்வரியிலேயே பதில் இருக்கிறது.

நாணயத்தின் அடிவிளிம்பு

1985இல் வந்த அந்த விளையாட்டின் முழு அளவு 40 கிலோபைட். அதை ஓட்டிய புரொசசரின் வேகம் 1.79 மெகாஹேர்ட்ஸ், வேலை செய்ய அதற்கு இருந்த நினைவகம் 2 கிலோபைட். இன்று கையிலிருக்கும் சாதாரண ஸ்மார்ட்போனின் வேகம் இதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். அப்படியிருக்க, இந்தச் சின்னப் பெட்டியைப் போலச் செய்வதில் என்ன சிரமம்?

பெட்டிக்குள் இருந்தது ஒரு சிப் அல்ல. கணக்குப் பார்ப்பது ஒன்று, படம் வரைவது இன்னொன்று. முதலாவது ஓர் அடி வைக்கும் நேரத்தில் இரண்டாவது திரையில் மூன்று புள்ளிகளை வரைந்து முடிக்கும். இந்தத் தாளம் ஒருபோதும் பிசகாது என்று தெரிந்ததால், விளையாட்டை எழுதியவர்கள் அதன்மேல் துணிந்து வித்தைகள் கட்டினார்கள்.

மரியோ ஓடும்போது கீழேயுள்ள நிலமும் மேகமும் நகரும். மேலேயுள்ள புள்ளிக்கணக்கும் நாணய எண்ணிக்கையும் அசையாமல் நிற்கும். படம் வரையும் சிப்பில் மேற்பகுதியைத் தனியாக நிறுத்திவைக்கும் வசதி கிடையாது. ஆகவே அந்த வரியிலுள்ள சிறு நாணயப் படத்தின் அடிவிளிம்பில் ஓர் அடையாளப் புள்ளியை ஒளித்துவைத்தார்கள். படம் மேலிருந்து கீழாக வரையப்பட்டு அந்த இடத்தைத் தொட்டதும் சிப்புக்குள் ஒரு கொடி உயரும். கொடியையே பார்த்துக் காத்திருக்கும் நிரல், அந்த நொடியில் ‘இனி கீழே வருவதை நகர்த்து’ என்று கட்டளையிடும். ஒரு செக்கனில் இது 60 தடவை நடக்கிறது.

இதைப் பொருட்படுத்தாமல் முழுப் படத்தையும் ஒரேயடியாக வரைந்துவிடும் எமுலேட்டரில் அந்தக் கொடி உயரவே உயராது. விளையாட்டு காத்துக்கொண்டே நின்றுவிடும். சற்றே பிசகிய எமுலேட்டரில் மேல்வரி நடுங்கும். சரியாகச் செய்ய வேண்டுமானால், இரண்டு சிப்புகளும் இப்போது எங்கே நிற்கின்றன என்று செக்கனுக்குப் பல இலட்சம் தடவை ஒத்துப்பார்க்க வேண்டும். ஒரு புள்ளிக்குக் கிடைப்பது 186 நானோசெக்கன். வேலையை இரண்டு கோர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால், ஒன்றிலிருந்து மற்றதற்குத் தகவல் போய்வருவதிலேயே அந்த நேரத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும். எட்டுக் கோர் இருந்தாலும் பெரும்பாலான பாரம் ஒன்றின் தலையில் விழுவதற்கு இதுவே காரணம்.

எவ்வளவு பாரம்? ஃபெமிலி கம்பியூட்டரின் வாரிசாக 1990இல் வந்த சூப்பர் ஃபெமிகொமின் வேகம் 3.58 மெகாஹேர்ட்ஸ். அதைத் துளிகூடப் பிசகாமல் போலச் செய்யும் எமுலேட்டரை உருவாக்கியவர், ‘பியூ’ என்ற புனைபெயரால் அறியப்பட்ட நிரலாளர். அதற்கு 3 கிகாஹேர்ட்ஸ் கணினி தேவைப்படுகிறது என்று 2011இல் விளக்கி எழுதினார். அசலைவிட எண்ணூறு மடங்குக்கு மேல்!

வரிக்கு வரி பெயர்ப்பதும் எழுதிவைப்பதும்

இதே விகிதத்தில் போனால் 295 மெகாஹேர்ட்ஸ் வேகமுள்ள பிளேஸ்டேஷன் 2ஐ எந்தக் கணினியாலும் தாங்க முடியாது. அங்கே எமுலேட்டர்கள் வேறு உத்தியைக் கையாள்கின்றன. நம் நீதிமன்றங்களில் சாட்சி சிங்களத்தில் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் அந்தந்த வரியாகவே தமிழில் சொல்வார். அதே வாக்கியம் நூறு தடவை வந்தால் நூறு தடவையும் பெயர்ப்பார். பழைய பெட்டிகளின் எமுலேட்டர் இப்படித்தான் வேலை செய்கிறது. பிளேஸ்டேஷன் 2க்கான ‘பிசிஎஸ்எக்ஸ்2’, கேம்கியூப் மற்றும் வீ பெட்டிகளுக்கான ‘டொல்ஃபின்’ போன்றவையோ, ஒரு பகுதியை முதல்தடவை சந்திக்கும்போதே முழுவதையும் இன்டெல், ஏஎம்டி சிப்புகளின் மொழிக்கு மாற்றி எழுதிவைத்துக்கொள்ளும். அடுத்த தடவை பெயர்ப்பே இல்லை, நேரே ஓட்டம்தான்.

பிசிஎஸ்எக்ஸ்2 தன் வேலையை மூன்று பெரிய இழைகளாகப் பிரிக்கிறது: பிரதான புரொசசர் ஒன்று, படம் வரைதல் ஒன்று, துணைக் கணிதச் சிப் ஒன்று. ஆகவே வேகமான நான்கு கோர்கள் அதற்குப் போதும். மெதுவான பன்னிரண்டு கோர் வாங்கினால் மிச்சமெல்லாம் சும்மா இருக்கும்.

வாங்கும் முன் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான்: ஆட நினைக்கும் பெட்டிகளில் ஆகக் கடைசியானது எது? முதலாவது பிளேஸ்டேஷனோடு நிறுத்துபவருக்குப் பெரிய கணினியே தேவையில்லை. 2019இல் வந்த உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை 4 போதும். பிளேஸ்டேஷன் 2 வரை போக வேண்டுமானால் வேகமான நான்கு கோர். பிளேஸ்டேஷன் 3இல் மட்டும் விதி மாறுகிறது. அதன் ‘செல்’ புரொசசரில் பிரதான கோரோடு, விளையாட்டுகளுக்கென்று ஆறு துணைக் கோர்கள் 3.2 கிகாஹேர்ட்ஸில் ஓடின. அதைப் போலச் செய்யும் ‘ஆர்பிசிஎஸ்3’க்குக் கோர்களின் எண்ணிக்கையும் வேண்டும், வேகமும் வேண்டும். ஏவிஎக்ஸ்-512 என்ற கட்டளைத் தொகுதி இருந்தால் அதற்குப் பெரும் உதவி. இன்டெல் அதைத் தன் 12ஆம் தலைமுறையிலிருந்து வீட்டுக் கணினிச் சிப்புகளில் கைவிட்டது. ஏஎம்டி 2022இல் ரைசன் 7000 வரிசையில் சேர்த்துக்கொண்டது.

அலுவலகம் கழித்துவிட்ட பெட்டி

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல்லின் 8ஆம் தலைமுறைக்கு முந்திய பெரும்பாலான புரொசசர்களை ஏற்பதில்லை. அதனால் அலுவலகங்கள் கழித்துவிடும் 6ஆம், 7ஆம் தலைமுறைக் கணினிகள் பாவித்த பொருள் சந்தைக்கு வருகின்றன. டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்ற பெட்டிகள் இவை. எமுலேட்டருக்கு விண்டோஸ் கட்டாயமில்லை. லினக்ஸ் அடிப்படையிலான ‘படோசெரா’வை ஒரு பென் டிரைவில் ஏற்றி நேரே ஓட்டலாம். 3.6 கிகாஹேர்ட்ஸ் வரை எட்டும் ஐ5-6500 பழைய பெட்டிகளை அநாயாசமாகச் சமாளிக்கும். கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால், ஆறு கோர்களோடு 4.1 கிகாஹேர்ட்ஸ் வரை போகும் ஐ5-8500 பிளேஸ்டேஷன் 2க்கும் நம்பகமானது.

ஆனால் கேசிங்கைக் கவனிக்க வேண்டும். மெல்லிய அலுவலகப் பெட்டிகளில் வழமையான உயரமுள்ள கிராபிக்ஸ் கார்ட் நுழையாது. அவற்றின் பவர் சப்ளையும் பலவேளைகளில் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய இணைப்பியோடு வரும். பழுதானால் கடையிலுள்ள பொதுவான ஒன்றை மாட்ட முடியாது. மதர்போர்டின் கார்ட் துளை தரக்கூடிய மின்சாரம் 75 வாட். அதற்குள் அடங்கி, தனி வயர் கேட்காத குட்டையான ஜிடிஎக்ஸ் 1650 போன்ற கார்டுகளே இங்கே பொருந்தும். எமுலேட்டரில் கார்டின் வேலை பெரும்பாலும் படத்தைப் பெரிதாக்கிக் கூர்மையாக்குவது. 640க்கு 448 புள்ளிகளில் வரையப்பட்ட பிளேஸ்டேஷன் 2 காட்சியை முழு எச்டிக்கு உயர்த்த அந்த அளவு கார்ட் போதுமானது.

பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே பார்ப்பதும் அவசியம். பல ஆண்டு ஓடிய பெட்டியில் புரொசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவிலுள்ள பசை காய்ந்து பொருக்காகியிருக்கும். விசிறியின் பின்னால் தூசு படலமாக ஒட்டியிருக்கும். தும்பறைப் பக்கத்து வெக்கையில் அப்படியே ஓட்டினால் புரொசசர் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் ஒலிதான்: படம் திணறுவது கண்ணில் படுமுன்பே இசை கரகரக்கும். பழைய பசையைத் துடைத்துப் புதிதாக ஒரு துளி வைத்தால் இழந்த வேகம் திரும்பிவிடும்.

ஒரு துண்டா, இரண்டு துண்டா?

புதிதாகவே கட்டுபவருக்கு, தனிக் கார்ட் இல்லாமல் ஆரம்பிக்க ஏஎம்டி ரைசன் 5 5600ஜி நல்ல தேர்வு. ஆறு கோர், 4.4 கிகாஹேர்ட்ஸ் வரை வேகம், உள்ளேயே கிராபிக்ஸ், 65 வாட். இங்கே பலர் சறுக்கும் இடம் ரேம். 16 கிகாபைட் என்று ஒரே துண்டாக வாங்கினால், டிடிஆர்4-3200 ரேமிலிருந்து செக்கனுக்கு 25.6 கிகாபைட்தான் ஓடும். 8 கிகாபைட்டாக இரண்டு துண்டு போட்டால் அது 51.2 ஆகும். 2000ஆம் ஆண்டின் பிளேஸ்டேஷன் 2, தன் படச் சிப்புக்குள் வைத்திருந்த நான்கே மெகாபைட் நினைவகத்திலிருந்து செக்கனுக்கு 48 கிகாபைட் எடுத்தது! தனி நினைவகம் இல்லாத உள்ளமைந்த கிராபிக்ஸ், அந்த வேகத்தை ரேமிடம்தான் கேட்கிறது.

சேமிப்புக்கு அவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை. முதலாவது பிளேஸ்டேஷனின் சிடி செக்கனுக்கு 300 கிலோபைட் படித்தது. எந்த ஹார்ட் டிஸ்கும் அதைவிட வேகம். இயங்குதளத்துக்குச் சிறிய எஸ்எஸ்டி ஒன்று, விளையாட்டுகளுக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று போதும்.

மொனிட்டரில் இலங்கைக்கே உரிய ஒரு விடயம் உண்டு. நம் தொலைக்காட்சி பால் முறையில், செக்கனுக்கு 50 தடவை படம் மாற்றுவது. ஜப்பான், அமெரிக்க முறை 60. பால் டிவிக்கென்று செய்யப்பட்ட நகல் பெட்டிகளில் மரியோவின் ஓட்டமும் இசையும் அசலைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே போயின. ‘மெசென்’ போன்ற எமுலேட்டர்களில், ரஷ்யாவில் விற்ற நகல் பெட்டியின் பெயரால் ‘டென்டி’ என்ற ஒரு தெரிவு இருக்கிறது. அது இந்த வேகத்தையே தரும். ஆனால் 60இல் பூட்டப்பட்ட மொனிட்டரில் 50 படம் வெட்டி வெட்டி நகரும். படம் வரும் வேகத்துக்கேற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் ஃப்ரீசிங்க் வசதி 48இலிருந்து தொடங்கும் மொனிட்டர் இரண்டுக்கும் ஈடுகொடுக்கும்.

மின்சாரமும் சட்டமும்

தெல்தெனியவின் அயலிலுள்ள விக்டோரியா, 210 மெகாவாட்டோடு நாட்டின் ஆகப் பெரிய நீர்மின் நிலையம். ஆயினும் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு அமுலானபோது ஊருக்கு ஊர் இருள்தான். ஆட்டத்தைச் சேமிக்கும் கணத்தில் மின்சாரம் போனால், மெமரி கார்டின் நகலாக இருக்கும் கோப்பு முழுவதுமாகப் பழுதாகலாம். பல மாத ஆட்டம் அதில் இருக்கும். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைச் சீர்செய்யும் யூபிஎஸ் ஒன்றை இந்தக் கணினியின் ஒரு பாகமாகவே கணக்கில் சேர்க்க வேண்டும். 65 வாட் புரொசசர் என்பதால் சிறிய யூபிஎஸ்கூடச் சேமித்து அணைக்கப் போதிய நேரம் தரும்.

எமுலேட்டர் எழுதுவது குற்றமல்ல என்பதற்கு, பிளேஸ்டேஷனைச் செய்த சோனிக்கும் அதன் எமுலேட்டர் ஒன்றை விற்ற கொனெக்டிக்ஸுக்கும் இடையிலான வழக்கில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் அளித்த தீர்ப்பு முன்னுதாரணம். விளையாட்டும், பெட்டியை இயக்கத் தொடங்கும் உள்மென்பொருளான பயோஸும் அப்படியல்ல. அவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு. அதனால்தான் பிசிஎஸ்எக்ஸ்2 பயோஸைத் தன்னோடு தருவதில்லை. வீட்டு அலுமாரியில் கிடக்கும் பழைய பிளேஸ்டேஷன் 2ஐயும் அதன் டிவிடிகளையும் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடாமல் வைத்திருப்பது நல்லது. பயோஸை எடுக்க வேண்டியது அந்தப் பெட்டியிலிருந்துதான்.

பணம் பிரிக்கும் வரிசை இப்படி வரும்: முதலில் புரொசசர், அடுத்து இரண்டு துண்டு ரேம், அதன்பின் யூபிஎஸ், பிறகு ஃப்ரீசிங்க் மொனிட்டர். கிராபிக்ஸ் கார்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். படத்தை முழு எச்டிக்கு உயர்த்தும்போது மட்டும் ஆட்டம் திணறி, அசல் அளவில் சீராக ஓடினால்தான் அதற்கான தேவை வந்திருக்கிறது என்று பொருள். இரண்டிலுமே திணறினால் கார்டை மாற்றிப் பயனில்லை, குறை புரொசசரில்.