கோஜிப் பழம்: பயனும் எல்லையும்

கத்தரிக் குடும்பத்துச் சிறு பழம்

கொம்பனித்தெரு, வெள்ளவத்தை போன்ற கொழும்பின் நெரிசலான பகுதிகளில் உடல்நலப் பொருள்களை விற்கும் கடைகளுக்குச் செல்வோர், உலர்ந்த முந்திரிகையைப் போலச் சுருங்கிச் செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும் கோஜிப் பழத்தை அறிந்திருப்பர். சீனாவின் வடமேற்கே மஞ்சள் ஆற்றையொட்டிய நிங்சியாப் பகுதியில் பெருமளவில் பயிரிடப்படும் லைசியம் பார்பாரம் என்ற புதர்ச்செடியின் பழமே இது. கத்தரி, தக்காளி, மணத்தக்காளி ஆகியவை அடங்கிய குடும்பத்தையே இச்செடியும் சேர்ந்ததாகையால், நீரில் ஊறிய பழத்தைப் பிளந்தால் தக்காளி விதையை ஒத்த தட்டையான சிறு விதைகள் தென்படும். 1596இல் அச்சேறிய லீ ஷிசெனின் மருந்துப்பொருள் தொகுதியில் இடம்பெற்றுள்ள இப்பழத்தைச் சீனக் குடும்பங்கள் இன்றும் சூப்பிலும் கஞ்சியிலும் தேநீரிலும் இட்டு உண்கின்றன.

கண்ணுக்கு ஆற்றும் பணி

கோஜிக்குரிய பெருமைகளுள் அறிவியலின் ஆதரவை ஓரளவேனும் பெற்றிருப்பது கண் தொடர்பானதே. விழித்திரையின் நடுவே, எழுத்தை வாசிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் உதவும் மஞ்சட்புள்ளி என்ற சிறு பரப்பு உண்டு. அங்கே படிந்துள்ள லூற்றீன், சியாசாந்தின் என்னும் இரு நிறமிகள் நீல ஒளியை உறிஞ்சி, ஒளியால் விளையும் சிதைவிலிருந்து பார்வைக் கலங்களைக் காக்கின்றன. இவற்றை மனித உடல் தானாக ஆக்கிக்கொள்ள இயலாது; உணவிலிருந்தே பெற வேண்டும். சியாசாந்தின் மிகச் செறிவாக அமைந்த உணவுகளுள் கோஜியும் ஒன்று.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், 45 முதல் 65 வயது வரையிலான உடல்நலமுள்ள 27 பேர் பங்கேற்றனர். அவர்களுள் ஒரு பிரிவினர் வாரத்தில் ஐந்து நாள் 28 கிராம் உலர் கோஜியை 90 நாள்களுக்கு உண்டபோது அவர்களது மஞ்சட்புள்ளியின் நிறமிச் செறிவு கூடியது. அந்நிறமிகளைக் குளிசையாக உட்கொண்ட மற்றப் பிரிவினரிடம் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. எனினும் இவ்வாய்வு மிகச் சிறியது என்பதையும், அளக்கப்பட்டது நிறமியே தவிர நோய்த்தடுப்பு அன்று என்பதையும் மறக்கலாகாது. நேர்ப்பார்வை மங்குவதையோ, நேர்கோடுகள் வளைந்து தெரிவதையோ உணர்பவர், பழத்தை நம்பிக் காலம் கடத்தாமல் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலை போன்ற இடத்தில் உடனே பரிசோதித்துக்கொள்வதே முறையாகும்.

சியாசாந்தின் கொழுப்பில் கரையும் பொருள். எனவே பழத்தை வெறும் நீரில் ஊறவைத்து அந்நீரை மட்டும் பருகுவதைவிட, சூடான பாலுடனோ முட்டையுடனோ சேர்த்துப் பழத்தையும் மென்று உண்பது பயன் தரும். விலை கைக்கு எட்டாதவர் மனம் தளர வேண்டியதில்லை. முட்டையின் மஞ்சட்கருவிலும் சோளத்திலும் சியாசாந்தின் உண்டு, முருங்கையிலை முதலிய கீரைகளில் லூற்றீன் நிறைந்துள்ளது.

மிகைப்பட்ட புகழ்

தோடம்பழத்தைவிட ஐந்நூறு மடங்கு விற்றமின் சி கோஜியில் உள்ளதாகப் பரவிய கூற்று உண்மைக்கு வெகு தொலைவானது. 100 கிராம் உலர் கோஜியில் இருப்பது ஏறத்தாழ 48 மில்லிகிராம். அதே எடைத் தோடம்பழத்திலும் ஏறக்குறைய அவ்வளவே உண்டு. உள்ளூர்க் கொய்யாவும் நெல்லியும் இவ்விரண்டையும் பல மடங்கு விஞ்சுவன. புற்றுநோயைக் குணமாக்கும் என்ற வகையிலான விளம்பரங்களுக்காக, கோஜிச் சாறு விற்ற நிறுவனங்களை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006இல் எச்சரித்தது. உலர் பழத்தின் எடையில் பாதிக்குச் சற்றே குறைவான பங்கு சீனியாகும் என்பதை நீரிழிவு உள்ளோர் கருத்திற் கொள்ள வேண்டும். 28 கிராமில் மூன்று தேக்கரண்டிக்கு நெருங்கிய சீனி உடலிற் சேர்கிறது.

வாபரின் உட்கொள்வோர்

இதய வால்வு மாற்றியோரும், இதயத் துடிப்பு சீரற்றோரும், குருதி கட்டியாகாதிருக்க வாபரின் என்ற மருந்தை உட்கொள்வதுண்டு. இத்தகையோர் கோஜியைத் தவிர்ப்பதே பாதுகாப்பானது. கோஜித் தேநீரைச் செறிவாகப் பருகிவந்த 61 வயதுப் பெண்ணொருவரிடம், அதுவரை சீராக இருந்த, குருதி உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு, அதாவது ஐ.என்.ஆர். எனப்படும் எண், அபாய எல்லையை நோக்கி உயர்ந்ததையும், தேநீரை நிறுத்தியதும் அது பழைய நிலைக்குத் திரும்பியதையும் 2001இல் மருத்துவ இதழொன்று பதிவு செய்தது. பின்னர் வேறு நோயாளரிடமும் இதுபோன்ற நிலை பதிவாகியுள்ளது. அந்த எண் மிகுந்தால் முரசிலும் மூக்கிலும், சில வேளைகளில் மூளையிலும்கூடக் குருதி கசியலாம். மூலிகைத் தேநீரை மருந்தென எண்ணாமையால் சிகிச்சை நிலையத்தில் அதைப் பற்றிச் சொல்லாமல் விடுவோர் பலர். எனவே ஐ.என்.ஆர். பரிசோதனைக்குச் செல்லும்போது, உண்ணும் குளிசைகளோடு இத்தகைய பழங்களையும் தேநீர்களையும் வைத்தியரிடம் கூற வேண்டும்.