துவக்கின் பெயரும் அதன் விலையும்

ஒரு பண்டம் நல்லதா என்று அறிய அதன் விலையைப் பார்ப்பவர் பலர். விளம்பரத்தைப் பார்ப்பவர் அதனினும் பலர். குடை வாங்கும்போதும் கடிகாரம் வாங்கும்போதும் இப்பழக்கத்தால் பெருந்தீங்கு நேர்வதில்லை. துவக்கு வாங்குவது அவ்வாறன்று. பெயரை நம்பி வாங்கியவன் பணத்தை மட்டுமன்றிக் கண்ணையும் விரலையும் இழக்கக்கூடும்.

வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களில் காட்டுப்பன்றிக் கூட்டம் இரவிலே புகுந்து உருளைக்கிழங்குப் பாத்திகளை உழுதுவிட்டுப் போவதுண்டு. மறுநாட் காலையில் அந்த அழிவைக் கண்டு நிற்பவருடைய உள்ளத்தில், "நல்ல துவக்கு ஒன்று கையிலிருந்தால்!" என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆனால் 'நல்ல' என்னும் அச்சொல்லுக்குப் பொருள் யாது? விலை கூடியதா, பெயர் பெற்றதா, பெரிய தோட்டாவைச் சுடுவதா? இதற்கு விடை தேட நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஊவாவின் வரலாறே சில பாடங்களை வைத்திருக்கிறது.

ரந்தெனிவெலவில் பெய்த மழை

1630-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா பெரும்படையோடு ஊவாவுக்குள் புகுந்து பதுளையை எரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். வெல்லவாயவுக்கு அருகிலுள்ள ரந்தெனிவெல என்னுமிடத்தில் கண்டி இராச்சியத்தின் படை அவனைச் சூழ்ந்துகொண்டது. அவனுடன் வந்த லஸ்கரீன் வீரர்கள் கட்சி மாறினர். அதனோடு மழையும் சேர்ந்துகொண்டது. வெடிமருந்தும், அதைப் பற்றவைக்கும் திரியும் நனைந்துபோயின. பெருஞ்செலவிலே திரட்டிய துவக்குகள் வெறுந் தடிகளாயின. தளபதி களத்திலேயே மாண்டான்.

படையின் துவக்குகளில் குறை இருக்கவில்லை. அவற்றுக்கு ஊட்டிய மருந்து மழைக்குத் தாங்கவில்லை. துவக்கின் மதிப்பில் பாதி அதன் தோட்டாவிலே இருக்கிறது என்பதை அன்றே ஊவா மண் காட்டிவிட்டது.

பதுளையில் ஒருவர், நுவரெலியாவில் ஒருவர்

பதுளை நகரிலுள்ள புனித மாற்கு ஆலயம் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவரின் நினைவாகக் கட்டப்பட்டது. பதுளையில் அரசாங்க உதவி அதிபராக இருந்த இவர் 1,400-க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று கூறுவர். கேட்கவே நெஞ்சம் நடுங்கும் எண்ணிக்கை இது. இதைப் புகழ்வதற்காக இங்கே குறிப்பிடவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புகையற்ற வெடிமருந்து பிரான்சிலே உருவானது 1884-இல். ரொஜர்ஸ் இறந்ததோ 1845-இல். குழலின் வாய்வழியே கரிமருந்தையும் ஈயக்குண்டையும் போட்டு இடிக்கும் துவக்குகளின் காலம் அது. இன்று மலிவு விலைக்குக் கிடைக்கும் எளிய துவக்குங்கூட அவற்றைவிட விரைவாகச் சுடும். அத்தனை யானைகளும் வீழ்ந்தது கருவியின் பெருமையால் அன்று. பழகிய கண்ணாலும் கையாலும் என்பது தெளிவு.

அவருக்குப் பின் நுவரெலியாவில் குடியிருந்து 1855 வரை வேட்டையாடியவர் சாமுவேல் பேக்கர். இவர் பிறிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்னும் துவக்குத் தொழிலாளரிடம் தம் திட்டப்படியே ஒரு ரைபிளைச் செய்வித்திருந்தார். நிறை 21 இறாத்தல். குழல் 36 அங்குலம். ஒரு வெடிக்கு ஓர் அவுன்சு மருந்து. குண்டின் எடை 3 அவுன்சு. பேக்கர் கடையிலே புகழப்பட்டதை வாங்கவில்லை. எந்த விலங்கு, எவ்வளவு தூரம், எவ்வளவு மருந்து என்று கணக்கிட்டு, அக்கணக்குக்கேற்ற கருவியைக் கேட்டுப் பெற்றார்.

அத்தகைய அறிவாளியும் ஒருமுறை அளவு மீறினார். பின்னாளில் ஆபிரிக்காவுக்குச் சென்றபோது அரை இறாத்தல் குண்டைச் சுடும் பெருந்துவக்கு ஒன்றைக் கொண்டுபோனார். 'குழந்தை' என்று அதற்குப் பெயரும் சூட்டினார். அக்குழந்தை சுட்ட ஒவ்வொரு தடவையும் தம்மைச் சுழற்றிவிட்டதாகவும், அதைச் சுடத் தாமே அஞ்சியதாகவும் அவரே எழுதியிருக்கிறார். உடையவனே அஞ்சும் கருவிக்கு எவ்வளவு விலை கொடுத்தென்ன?

இதற்கு நேர் எதிரானவர் 1880 முதல் 1954 வரை வாழ்ந்த டபிள்யூ. டி. எம். பெல். அவரும் ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். பெரிய குழல்களே யானைக்கு ஏற்றவை என்று துவக்கு வணிகர் முழங்கிய காலத்தில், அவர் பெரும்பாலும் 7 மில்லிமீற்றர் அளவுள்ள சிறு ரைபிளையே பயன்படுத்தினார். யானையின் தலையோட்டை அறுத்துப் பார்த்து உள்ளமைப்பைக் கற்றார். தோட்டா தவறாமல் வெடிக்குமா என்பதில் மிகுந்த கண்டிப்புக் காட்டினார். அவருடைய திறமை எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் அவர் எதற்கு முதன்மை கொடுத்தார் என்பதை எல்லோரும் கற்கலாம்.

வாங்குவோர் பார்க்க வேண்டியவை

நம் நாட்டில் பயிர்க்காவலுக்குப் பெரும்பாலும் பயன்படுவது 12 போர் சொட்கன். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை எவ்வளவோ, அவ்வளவே அதன் குழல் என்பது இப்பெயரின் பொருள்.

பழைய துவக்கு விலைக்கு வந்தால் குழலின் அழகில் மயங்கலாகாது. இரும்பையும் உருக்கையும் முறுக்கி அடித்த 'டமாஸ்கஸ்' குழல்களில் நீரலைபோன்ற கோலம் தோன்றும். அதற்கிருந்த மதிப்பைக் கண்டு, சாதாரணக் குழலின்மேல் அமிலத்தால் அக்கோலத்தைப் பொறித்து விற்றவர்களும் இருந்தனர். புகழ்பெற்ற தொழிலாளரின் பெயரைச் சற்றே மாற்றிப் பொறித்த மலிவுத் துவக்குகளும் பெல்ஜியத்திலிருந்து வந்தன. ஆகவே பெயருக்கு முன்னர்ச் சோதனை முத்திரையைத் தேடுக. பேர்மிங்காம் நகரில் 1813 முதல் இயங்கும் சோதனைச் சாலை போன்றவை, வழக்கத்திலும் மிகுந்த மருந்தை வெடித்துக் குழல் தாங்குகிறதா என்று பார்த்த பின்னரே இம்முத்திரையை இடுகின்றன. அம்முத்திரை கரிமருந்துக்கு மட்டும் உரியதா, புகையற்ற மருந்துக்கும் உரியதா என்பதையும் பார்க்க வேண்டும். முத்திரை இட்டபின் துருவினாலோ பள்ளத்தினாலோ குழல் கெட்டிருந்தால் அந்த முத்திரையும் காவாது.

அடுத்தது தோட்டா. 2½ அங்குலம், 2¾ அங்குலம், 3 அங்குலம் என அது பல நீளங்களில் வருகிறது. நீளமானதே வலிமையானது என்று விளம்பரம் கூறும். குறுகிய அறையுள்ள துவக்கில் நீளத் தோட்டா சில வேளை நுழைந்துவிடும். ஆனால் வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரும். குழலில் பொறித்துள்ள நீளத்தை மீறிய தோட்டா, இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாதது.

துவக்கின் உண்மையைச் சொல்லும் மலிவான சாட்சி ஒரு பெரிய தாள். 40 கஜ தூரத்தில் அதைத் தொங்கவிட்டுச் சுட்டு, ரவைகள் மிகுதியாகப் பட்ட இடத்தைச் சுற்றி 30 அங்குல விட்டமுள்ள வட்டம் வரைந்து எண்ணிப் பார்ப்பது பழைய முறை. நுனி நன்கு ஒடுங்கிய குழல் ரவைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 70-ஐ வட்டத்துக்குள் இடும்; ஒடுக்கமற்ற குழல் 40-ஐ இடும். ஒன்பது பெரிய ரவைகள் கொண்ட எஸ்.ஜி. தோட்டாவை இக்கணக்கில் வைத்துப் பாருங்கள். முன்னதில் ஆறு ரவை சேரும். பின்னதில் மூன்று அல்லது நான்கே சேரும். ஒரே துவக்கு ஒருவகைத் தோட்டாவை நன்றாகவும் வேறொன்றைச் சிதறலாகவும் சுடுவதுண்டு. விலையுயர்ந்த தோட்டா சிதறி, சாதாரணத் தோட்டா ஒன்றுகூடிப் பட்டால், எதை வாங்க வேண்டும் என்பதற்குத் தாளே தீர்ப்புக் கூறும்.

மூன்றாவது, ஈரம். மூடுபனியும் மழையும் மாறாத நம் மலைகளில் பழைய காகிதத் தோட்டாக்கள் உப்பி அறைக்குள் நுழைய மறுப்பதுண்டு. பிளாஸ்டிக் உறை வந்தபின் அத்தொல்லை குறைந்தது. ஆயினும் நெடுங்காலம் ஈரத்தில் கிடந்த தோட்டாவை மலிவென்று வாங்குபவர் ரந்தெனிவெலவை நினைத்துக்கொள்வது நன்று.

முழு விலை

கடையிற் கொடுக்கும் பணம் துவக்கின் முழு விலையன்று. 1916-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கத் துப்பாக்கிச் சட்டத்தின்படி உரிமம் பெற வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பூட்டி வைக்கும் பெட்டி, எண்ணெய், தோட்டா, பழகுவதற்காகும் நேரம் ஆகிய அனைத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அத்தொகையை ஓராண்டில் பன்றியால் அழியும் பயிரின் மதிப்போடும், நல்ல வேலி ஒன்றுக்காகும் செலவோடும் ஒப்பிட வேண்டும். சிறு தோட்டக்காரருக்கு வேலியே இலாபமாகத் தோன்றினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலி இரவெல்லாம் விழித்திருக்கும். வீட்டுப் பிள்ளையின் கையில் அகப்பட்டாலும் வெடிக்காது.

இச்செலவுக்கு அஞ்சி, உரிமமின்றி நாட்டுப்புறத்திலே செய்த துவக்கை நாடுவோர் உளர். விலங்கு வரும் வழியில் கம்பி கட்டி, தானே வெடிக்குமாறு துவக்கை வைப்போரும் உளர். அக்கம்பிக்குப் பன்றியென்றும் மனிதனென்றும் தெரியாது. விறகுக்குப் போனவர்கள் அதனாலே காலிழந்ததும் உயிரிழந்ததும் நம் நாட்டில் நேர்ந்தவையே. மலிவென்று எண்ணியது மிகப் பெரிய விலையைக் கேட்டுவிடுகிறது.

மேஜர் ரொஜர்ஸ் 1845 ஜூன் 7-ஆந் தேதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அவரும் அவரைப் போன்றோரும் சுற்றிய மலைச்சாரல்களில் இன்று தேயிலை நிற்கிறது, யானை இல்லை. இவ்விழப்பு எந்தத் துவக்குக் கடையின் விலைப்பட்டியலிலும் எழுதப்படவில்லை. ஆகவே வாங்குவோர் முதலிற் கேட்க வேண்டியது, "எது சிறந்த துவக்கு?" என்பதன்று, "எனக்கு எதற்காக, எவ்வளவு வேண்டும்?" என்பதே. அக்கேள்விக்கு நேர்மையாக விடை கண்டவரை எந்த விளம்பரமும் ஏமாற்ற இயலாது.